முழங்கை சொல்லும் அளவு

மரக் கடைசல் இயந்திரத்தை எந்த உயரத்தில் வைப்பது? வேலை செய்பவரின் முழங்கைதான் அளவுகோல். நின்றாலும் உட்கார்ந்தாலும், சுழலும் கட்டையின் நடு அச்சு ஏறத்தாழ முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்தால் முதுகு வளையும்; உயர்ந்தால் தோள்பட்டை இறுகும்.

கையேடு ஒன்றைத் தமிழாக்கியபோது படித்த இந்த விதியைச் சென்னபட்டணத்தில் நேரில் பார்த்தேன். பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், மைசூர் சாலையில் இருக்கும் மரப்பொம்மை ஊர் அது. தரையில் அமர்ந்து வில்லை இழுத்துக் கடைந்த காலம் போய், மின்சார இயந்திரங்கள் மேஜை ஏறிவிட்டன.

அங்கே ஒரு பெண், சுழலும் பொம்மைமீது அரக்குக் குச்சியை அழுத்திக்கொண்டிருந்தார். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி, நிறமாகப் படிந்தது. அவருடைய ஸ்டூலின் மேல் ஒரு பலகை. தொங்கும் கால்களுக்கு இரண்டு செங்கல். முன்பெல்லாம் தோள்வலியில் இரவுத் தூக்கமே இல்லை என்றார். பக்கத்தில் உயரமான ஓர் ஆள்; அவருடைய மேஜைக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து, ஆடாமல் முடுக்கியிருந்தார்கள்.

செலவு அதிகமில்லை. ஆனாலும் இயந்திரம் வாங்கும் முதலாளிகள் குதிரைத்திறனை மட்டுமே விசாரிக்கிறார்கள். அதில் உட்காரப்போகிறவரின் முழங்கையையும் ஒருமுறை விசாரிக்கலாம்.