லே குளிரும் புகாரி அடுப்பும்

விமானப்படை என்றாலே எல்லோரும் பைலட்டைத்தான் நினைக்கிறார்கள். என்னைப் போன்ற ஏர்மேன்களுக்கு ஆகாயத்தைவிடத் தரையோடுதான் பழக்கம் அதிகம். தாம்பரத்தில் வியர்வை சொட்டச் சொட்ட ஏர்ஃபிரேம் ஃபிட்டர் வேலை கற்றவன் நான். 1979 நவம்பரில் லடாக்கிலுள்ள லே விமானதளத்துக்கு மாற்றல் வந்தது.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 10,700 அடி. சண்டிகரிலிருந்து ஏ.என். 12 விமானத்தில் மூட்டையோடு மூட்டையாகப் போய் இறங்கினோம். அங்கே கிடைத்த முதல் உத்தரவு, "போய்ப் படு." சில நாட்களுக்கு ஓடக்கூடாது, பளு தூக்கக்கூடாது. காற்றில் பிராணவாயு குறைவு. உடம்பு பழக வேண்டும்.

அதன் பிறகுதான் அசல் பயிற்சி. அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. வெறுங்கையால் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்பதால், கையுறையோடு ஸ்பானர் பிடிக்கப் பழகினோம். சின்ன ஸ்க்ரூ என்றால் கையுறையைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஒரு நிமிடம் வேலை, அப்புறம் கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொள்வோம்.

விமானங்கள் காலையில்தான் வரும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று சீற ஆரம்பித்துவிடும். இன்ஜினை அணைக்காமலே சரக்கை இறக்கிவிட்டுப் பறந்துவிடுவார்கள். அணைத்தால் அந்தக் குளிரில் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. ஜோஜிலா கணவாயைப் பனி மூடியபின் சாலை கிடையாது. முட்டை, மண்ணெண்ணெய், வீட்டுக் கடிதம் எல்லாமே ஆகாய வழிதான். நாலு நாள் மேகம் கவிந்தால் காய்கறியும் இல்லை, கடிதமும் இல்லை. சோறு வேகக் குக்கர் வேண்டும். தண்ணீர் 90 டிகிரியை எட்டுமுன்பே கொதித்துவிடும்.

அறையில் ஒரு புகாரி இருக்கும். மவுண்ட் ரோடு பிரியாணியை நினைத்துவிடாதீர்கள்! மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்து எரியும் தகர அடுப்பு. புகை போகக் கூரை வழியே ஒரு குழாய். படுக்குமுன் அதை அணைத்துவிட வேண்டும், ஜன்னலில் விரலளவு இடைவெளி விட வேண்டும் என்பது விதி. வெளியே மைனஸ் 20 இருக்கும்போது யாருக்கு அணைக்க மனம் வரும்? அதனால் இரவு பத்து மணிக்குப் பஞ்சாபி சார்ஜெண்ட் ஒருவர் அறை அறையாக வந்து, தானே அணைத்துவிட்டுப் போவார். பையன்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர்களை இங்கே எழுத முடியாது.

ஜனவரியில் ஓரிரவு, பக்கத்து அறைக் கதவை உடைக்கும் சத்தம். அவர் போனபின் இரண்டு பையன்கள் புகாரியை மறுபடி பற்றவைத்து, ஜன்னல் இடுக்கில் கம்பளியைத் திணித்துவிட்டுத் தூங்கியிருந்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சார்ஜெண்ட் இரண்டாவது தடவை சுற்றி வந்தபோது குழாயில் புகையைப் பார்த்திருக்கிறார். இருவரையும் இழுத்து வெளியே கிடத்தினார். ஒருவன் வாந்தி எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். மற்றவனுக்கு விடியும்வரை ஆக்சிஜன் கொடுத்தார்கள். காலையில் வந்த முதல் விமானத்தில் சண்டிகர் போனான். பிழைத்துக்கொண்டான்.

அன்றிரவு பத்து மணிக்கு சார்ஜெண்ட் வழக்கம்போல வந்தார். எங்கள் புகாரி ஏற்கெனவே அணைந்திருந்தது. மூடியைத் திறந்து பார்த்தார். ஜன்னல் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அடுத்த அறைக்குப் போனார்.