தூஹோய் மக்கள் அறுத்த பச்சைக்கல்

நியூசிலாந்தின் வடதீவில், ஃபகத்தானே ஆற்றை ஒட்டிய சிற்றூர் தானேயத்துவா. தெற்கே தே உரேவேரா மலைக்காடு. மூடுபனி மங்கைக்கும் மலைக்கும் பிறந்தவர்கள் தாங்கள் என்று தூஹோய் மாவோரி மக்கள் வம்சம் சொல்வார்கள். அவர்களின் தலைமையகமான தே குரா ஃபரேயின் மண்சுவர்களைப் பார்க்கவும், அச்சுவர்களுக்கான மண்கல்லை அறுத்தவர்களிடம் பேசவும் போயிருந்தேன்.

என்னோடு சுவரோரம் நடந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். கல் அறுத்த கூட்டத்தில் அவரும் ஒருவர். சுமார் 5,000 கற்களை இவர்களே அறுத்திருக்கிறார்கள். சூளை கிடையாது, விறகு கிடையாது. எல்லாம் சுடாத பச்சைக்கல். "களி கூடினால் காயும்போது வெடிக்கும், மணல் கூடினால் உதிரும். கைக்குத்தான் பதம் தெரியும்," என்றார். ஈரமண்ணை உருண்டை பிடித்துத் தரையில் போட்டுக் காட்டினார். அப்படியே தட்டையாக அமுங்கினால் ஈரம் அதிகம். பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது. அச்சிலிருந்து எடுத்த கல்லைச் சுள்ளென்ற வெயிலில் போட்டுவிடக் கூடாது. வெளிப்புறம் முந்திக் காய்ந்து, உள்ளே ஈரம் நின்றால் விரிசல் விழும். நிழலில், புரட்டிப் புரட்டி, பொறுமையாகத்தான் காயவைக்க வேண்டும். "பிள்ளைகளும் வந்தார்கள். சேற்றில் இறங்க அவர்களை அழைக்கவா வேண்டும்!" என்று சிரித்தார்.

சுவரில் கை வைத்தேன், குளிர்ந்திருந்தது. தடித்த மண் பகல் வெப்பத்தை வாங்கி மெல்ல விடும். காற்றில் ஈரம் மிகுந்தால் உறிஞ்சிக்கொள்ளும், குறைந்தால் திருப்பித் தரும். உடைந்தாலும் குப்பையாகாது, நீர் விட்டுக் குழைத்தால் மறுபடி மண்தான்.

ஐவன் மெர்செப் வடிவமைத்த இக்கட்டடம் 2014 மார்ச்சில் திறக்கப்பட்டது. 'லிவிங் பில்டிங் சேலஞ்ச்' என்ற கடுமையான வரைமுறையில் முழுச் சான்று பெற்ற நியூசிலாந்தின் முதல் கட்டடம் இது. இந்த வரைமுறைப்படி ஒரு கட்டடம் தனக்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரியனிலிருந்தும் தண்ணீரை மழையிலிருந்தும் தானே பெற வேண்டும். கழிவுநீரைத் தன் மனைக்குள்ளேயே சுத்திகரிக்க வேண்டும். நச்சுப் பொருள் சேர்ந்த பூச்சும் பிளாஸ்டிக்கும் கூடாது.

ஆனால் சூரியத் தகடுகளைப் பணமுள்ள எவரும் வாங்கிவிடலாம். என்னை நிற்கவைத்தது வேறு. 1866-இல் இம்மக்களின் செழிப்பான நிலங்களை அரசு பறிமுதல் செய்தது. 1954-இல் அவர்கள் காட்டைத் தேசியப் பூங்காவாக்கியது. 2014-இல் சட்டம் இயற்றி, தே உரேவேராவை எவருக்கும் சொத்தல்லாத, சட்ட உரிமை கொண்ட தனி ஆளாக அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அரசு மன்னிப்புக் கோரியதும் இந்தக் கட்டடத்தில்தான். மண்ணைப் பறிகொடுத்தவர்கள் மண்ணாலேயே எழுப்பிய வீட்டுக்கு அரசு நடந்து வந்து தலை குனிந்தது. எந்தச் சான்றிதழையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதோடு தூஹோய் மக்கள் நிறுத்தவில்லை. அதே 'லிவிங் பில்டிங்' வரைமுறையை முன்வைத்து, வைகாரேமோவானா ஏரிக்கரையில் தே குரா ஃபெனுவா என்ற இன்னொரு கட்டடத்தையும் கட்டியிருக்கிறார்கள்.