காட்டினுள் மறைந்த இருப்புப்பாதை

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை வழியாக மலையேறினால் டாப்சிலிப்பை அடையலாம். வெட்டிய மரங்களை மேலிருந்து கீழே சறுக்கிவிட்ட இடமாதலின் அதற்கு அப்பெயர் வந்தது. அதற்கு அப்பால், கேரள எல்லைக்குள் பரந்து கிடப்பது பறம்பிக்குளம் காடு. வனத்துறையின் இசைவு பெற்று, காடர் குலத்து முதியவர் ஒருவரைத் துணையாகக் கொண்டு, அக்காட்டிலுள்ள குரியார்குட்டிக்கு ஒரு நாள் நடந்து சென்றேன்.

வழியில் முதியவர் சட்டென நின்றார். "ஐயா, நீங்கள் நிற்பது தண்டவாளம் கிடந்த இடம்" என்றார். குனிந்து பார்த்தேன், சருகுகளே கண்ணிற்பட்டன. கூர்ந்து நோக்கிய பின்னரே, மேடொன்று இயற்கைக்கு மாறாக ஒரே சீராகச் செல்வது புலனாயிற்று.

தேக்கும் ஈட்டியும் செறிந்த இக்காட்டிலிருந்து மரங்களைக் கொண்டுசெல்லக் கொச்சி அரசு அமைத்த டிராம் பாதை அது. சாலக்குடி வரையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்டிருந்த அப்பாதையில் 1907-ஆம் ஆண்டு முதல் வண்டிகள் ஓடின. எஞ்சின்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. ஆயினும் செங்குத்தான சரிவுகளில் எஞ்சினுக்கு வேலையில்லை. உருளையொன்றில் சுற்றிய இரும்புக் கயிற்றின் ஒருமுனையில் மரம் ஏற்றிய வண்டியையும், மறுமுனையில் வெற்று வண்டியையும் பிணைத்தனர். பாரவண்டி தன் எடையாலேயே கீழிறங்க, வெற்று வண்டி தானே மேலேறியது! வேகத்தை அடக்கத் தடை ஒன்றே போதுமானதாயிற்று. அச்சூழ்ச்சித் திறத்தை எண்ணி எண்ணி வியந்தேன்.

முதியவர் வியக்கவில்லை. அவர்தம் தந்தையார் யானைகளுடன் மரம் இழுத்தவர். நட்டம் மிகுந்து 1963-இல் பாதை மூடப்பட்டபோது இவர் சிறுவர். "வண்டி போயிற்று, மரமும் போயிற்று. அவ்வளவு மரமும் எங்கே போயின, ஐயா?" என்று வினவினார்.

சாலக்குடிக்கும், அங்கிருந்து கொச்சித் துறைமுகத்திற்கும் சென்றன என்றேன். அதற்கப்பால் எங்கே என்பது அவர் வினா. என் வீட்டுத் தலைவாயிற் கதவு பழந்தேக்கு; விருந்தினரிடம் அதனைத் தட்டிக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறேன். அஃது எக்காட்டில் நின்ற மரம் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. அதனை அவரிடம் சொல்ல நா எழவில்லை.

வெட்டுக்குத் தப்பிய கன்னிமாரா தேக்கைப் பற்றி அவரே பேசத் தொடங்கினார். அதன் சுற்றளவு 6 மீட்டருக்கும் மிகுதி. கோடரி பட்டபோது குருதி கசிந்ததனால் விட்டுவிட்டனர் என்பது அம்மலைவாழ் மக்களின் நம்பிக்கை.

குரியார்குட்டியில் டிராம் சென்ற பாலம் ஆற்றின்மேல் நிற்கிறது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1933-இல் இவ்வூரில் தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். பாலத்தின் நடுவே நின்று நீரோட்டத்தை நோக்கினேன். முதியவர் அக்கரையிலிருந்து கையசைத்தார். யானைகள் நீரருந்த வரும் வேளையாம். விரைந்து நடந்தேன்.