இருட்டில் ஒரு ஒளி வேலை

எனக்குப் பொறாமை உண்டு. அடுத்த மேசைக்காரர்கள் குவாண்டம் புள்ளிகள் செய்கிறார்கள். புற ஊதா விளக்கைக் காட்டினால் அவர்கள் குப்பிகள் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று ஜொலிக்கும். ஆய்வகத்துக்கு யார் வந்தாலும் அங்கேதான் கூட்டம். போதாததற்கு 2023இல் அந்தத் துறைக்கு வேதியியல் நோபலும் கிடைத்தது. என் குப்பியில் வெளிறிய ஊதாத் தண்ணீர்தான். அதில் மிதக்கும் கார்பன் நானோகுழாய்களும் ஒளிர்கின்றன. ஆனால் 990 நானோமீட்டரில், அகச்சிவப்பில். அது கண்ணுக்குத் தெரியாது.

தெரியாவிட்டாலும் பிரகாசமாகவாவது இருக்கட்டும் என்றால், அதுவும் இல்லை. ஒற்றைச்சுவர்க் குழாய்கள் ஒளிரும் என்று 2002இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். கற்றையாக ஒட்டிக்கிடந்தவற்றை சோப்பு போன்ற பொருளால் தனித்தனியாகப் பிரித்த பிறகுதான் ஒளி தெரிந்தது. ஆனால் நூறு ஃபோட்டான்களை விழுங்கினால் ஒன்றைத் திருப்பித் தருவதே பெரிது. விழுங்கிய ஒளியால் உள்ளே கிளம்பும் ஆற்றல் பொட்டலமான எக்சைட்டான் சும்மா நிற்காது. குழாய் நெடுக ஓடும். முனையிலோ பழுதிலோ மோதி வெப்பமாகக் கரைந்துவிடும். அதனால் பழுதில்லாத, நீளமான குழாய்களையே தேடிக்கொண்டிருந்தேன். சுவரில் வேதித்தொகுதிகளை ஒட்டிப் பழுதாக்கும் டயசோனியம் உப்பை அருகில்கூட விட்டதில்லை. கணிசமாகச் சேர்த்தால் ஒளி அடியோடு போய்விடும்.

அதே உப்பைக் கொஞ்சமாகச் சேர்த்து 2013இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்காரர்கள் 28 மடங்கு வரை பிரகாசத்தைக் கூட்டிவிட்டார்கள். ஓசோனும் ஒளியும் கொண்டு ஆக்சிஜனைப் பதித்து, 2010இலேயே ரைஸ் குழு இதற்கு வழி காட்டியிருந்தது. சுவரில் ஓரிடத்தில் ஒரு வேதித்தொகுதி ஒட்டினால் அங்கே ஆற்றல் சற்றுத் தாழ்கிறது. ஓடிவரும் எக்சைட்டான் அந்தக் குழியில் சிக்கி, முனைக்குப் போய்ச் சாகாமல் 1140 நானோமீட்டரில் ஒளியாகிறது. படித்ததும் மகிழ்ச்சியை விட எரிச்சல்தான் முதலில் வந்தது. இவ்வளவு பாடுபட்டுத் தூய்மையாக்கினேனே!

நானும் அந்த உப்பைக் கொஞ்சம் சேர்த்துப் பார்த்தேன். சாதாரண சிலிக்கான் கேமரா 1100 நானோமீட்டருக்கு மேல் குருடு. புதிய ஒளியைப் பார்க்க இண்டியம் காலியம் ஆர்செனைடு உணர்வி வேண்டும். திரையில் ஓடிய நிறமாலையில் 990இன் பழைய முகடு தணிந்து, வலப்பக்கம் 1140இல் புதிய முகடு எழுந்தது. அன்று நான் வீட்டுக்குக் கிளம்பவே இல்லை.

உப்பின் அளவுதான் சிக்கல். துளி கூடினால் இரண்டு முகடுகளும் சேர்ந்தே சரிகின்றன. ஒட்டும் இடமும் நம் கையில் இல்லை. பக்கத்து அணுக்கள் எந்த வாக்கில் பிணைகின்றன என்பதைப் பொறுத்து, 1250 நானோமீட்டர் பக்கம் இன்னொரு முகடு தலைகாட்டும். இப்போதைக்கு என் சண்டை அந்த 1250 உடன்தான்.