ஏழு முழம் பெல்ட்

நீங்கள் எப்போதாவது புல்லைக் கண்டு பயந்ததுண்டா, சகோதரிகளே? நான் பயந்திருக்கிறேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. சென்ற வருஷம் மே மாதத்தில் சேர்ந்தாற்போல் ஒன்பது நாள். காலையில் எழுந்ததும் ஜன்னல் திரையை விலக்கி, புல் இன்றைக்கு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்ப்பதே எனக்கு வேலையாகப் போயிற்று.

இடம், அமெரிக்காவில் ஒஹையோ மாகாணம். கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே என் பிள்ளை வீடு வாங்கியிருக்கிறான். வீடு சுமாரானதுதான், அதைச் சுற்றியுள்ள நிலமோ 75 சென்ட். நம் ஊராக இருந்தால் நாலு தென்னை, இரண்டு வாழை, ஒரு முருங்கை என்று வைத்திருப்போம். அங்கே அத்தனையும் புல். தின்பதற்கு ஒரு பசு மாடு கிடையாது. புல் மாத்திரம் உண்டு! மழையும் இளவெயிலுமாக மே மாதம் வந்துவிட்டால் அது வளருகிற வேகத்தைச் சொல்லி முடியாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது வெட்டியாக வேண்டும். வெட்டாவிட்டால் அழகு கெடும், அவ்வளவுதானே என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தேசத்தில் அநேக ஊர்களில் புல் 8 அங்குலத்துக்கோ 10 அங்குலத்துக்கோ மேல் வளரக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. மீறினால் நோட்டீஸ் வரும். அதற்கும் அசையாவிட்டால் ஊர்க்காரர்களே ஆள் வைத்து வெட்டிவிட்டு, கூலியை நம் தலையில் கட்டிவிடுவார்கள்.

இவ்வளவு புல்லையும் வெட்டுவதற்கு ஒரு சின்ன மோட்டார் வண்டி உண்டு. ஏறி உட்கார்ந்து ஓட்ட வேண்டியது. அதன் வயிற்றுக்கடியில் கவிழ்த்து வைத்த பெரிய தாம்பாளம் போல ஓர் இரும்புப் பெட்டி. அகலம் 42 அங்குலம். 'டெக்' என்று பெயர். அதற்குள்ளே இரண்டு கத்திகள் சுழன்று புல்லைச் சீவித் தள்ளும். என்ஜினின் சக்தியை அந்தக் கத்திகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரே ஒரு ரப்பர் பெல்ட். அந்த பெல்ட்தான் அறுந்து தொலைந்தது.

அறுந்த வேளையையும் சொல்ல வேண்டும். என் பிள்ளைக்குக் குடலிறக்கத்துக்காகச் சஸ்திர சிகிச்சை ஆகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான் அவசரமாக விமானம் ஏறிப் போனதே அதற்காகத்தான். ஆறு வாரத்துக்கு ஒரு பால் கேனுக்கு மேல் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே மருமகள்தான் வண்டியை ஓட்டினாள். தோட்டத்தில் பாதி ஆனதும் ரப்பர் கருகும் நாற்றம். 'பட்'டென்று ஒரு சத்தம். என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கத்தி மட்டும் நின்றுவிட்டது.

ரிப்பேர்க் கடைக்கு டெலிபோன் செய்தோம். மே மாதமல்லவா? ஊரிலுள்ள வண்டியெல்லாம் அங்கேதான் நிற்கிறதாம். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஒரு வாரம் போனதும் வாசற் கதவில் ஒரு காகிதம் தொங்கியது. நோட்டீஸ்தான். ஏழு நாள் தவணை.

"நானே மாத்திடறேன்" என்றாள் மருமகள்.

இந்த இடத்தில் எங்கள் இருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நானும் அவளும் சண்டை போட்டவர்கள் அல்ல. சண்டை போடுகிற அளவுக்குக்கூடப் பழகியதில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில், "சாப்பிட்டீங்களா அத்தை?" "ஆச்சும்மா" என்பதற்கு மேல் எங்கள் சம்பாஷணை தாண்டியதில்லை. அவள் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள். நான் சமையலறையில் டப்பாக்களை இடம் மாற்றி வைத்தால் வாய் திறக்கமாட்டாள். மறுநாள் காலையில் அவையெல்லாம் பழைய இடத்தில் இருக்கும்!

பெல்ட்டை அவள் வரவழைத்தாள். வண்டியோடு வந்த புத்தகத்தில் பெல்ட்டின் நம்பர் அச்சிட்டிருந்தது. அதே நம்பர்தான் வேண்டுமாம். நீளம் ஒத்தால் போதாது, அகலமும் ஒத்திருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் நான் முழம் போட்டுப் பார்த்தேன். ஏழு முழம். நம் பூக்காரி அளந்தால் ஒன்பது சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை காலை கார் ஷெட்டில் வேலை ஆரம்பமாயிற்று. என் பிள்ளை ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டான். நான் பக்கத்தில் போனேன். மருமகள் திரும்பிப் பார்த்து, "அத்தை, இந்தப் புடைவையோட கிட்ட வரக் கூடாது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பதில் பேசாமல் உள்ளே போனேன். மாடிப்படி பாதி ஏறியபோதுதான் சித்தப்பாவின் நினைவு வந்தது.

தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் ஊர் ரைஸ் மில்லில் என் சித்தப்பா வேலை பார்த்தார். ஆயில் என்ஜினிலிருந்து நெல் குத்தும் மிஷினுக்கு உள்ளங்கை அகலத்தில் பெல்ட் ஓடும். வழுக்காமலிருப்பதற்காக அதன்மேல் குங்கிலியப் பொடி தூவுவார்கள்; ஓடிக்கொண்டிருக்கும்போதே தூவுவார்கள். 1968-ல் ஒரு நாள் அவருடைய தோள் துண்டின் முனையை பெல்ட் பற்றிக்கொண்டது. துண்டோடு வலது கையும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 24. எனக்கு ஒன்பது. மில்லிலிருந்து அவரைக் கட்டிலோடு தூக்கி வந்ததை நான் திண்ணையிலிருந்து பார்த்தேன்.

நான் மேலே போய், என் பிள்ளையின் பழைய கால்சட்டை ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டேன். கணுக்காலில் இரண்டு மடிப்பு மடித்தேன். அறுபத்தாறு வயதில் முதல் தடவை! கீழே இறங்கி வந்ததும் என் பிள்ளை சிரிக்க முயன்று, தையல் வலிக்கிறதென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான். மருமகள் சிரிக்கவில்லை. கையுறை ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தாள்.

"சாவியை எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"எடுத்தாச்சு அத்தை."

"எங்கே, காட்டு."

காட்டினாள். சாவியை எடுத்ததோடு அவள் நிற்கவில்லை. ஸ்பார்க் பிளக்கில் மாட்டியிருந்த ஒயரையும் கழற்றி ஒதுக்கி வைத்தாள். கத்தியைக் கையால் திருப்பும்போது என்ஜின் தப்பித் தவறி ஒரு சுற்றுச் சுற்றினாலும் விரல் போய்விடும். ஒயர் இல்லாவிட்டால் அந்தப் பயமில்லை.

டெக்கை வண்டியோடு பிணைத்திருப்பவை சில கம்பி முளைகள். அந்த முளைகள் கழன்று விழாமல் காப்பது எது தெரியுமா? நம் கொண்டை ஊசி! சற்றே தடித்த கம்பி, ஒரு பக்கம் நெளிவு. அசல் கொண்டை ஊசியேதான். டெக்கைத் தாழ்த்தி, ஊசிகளை உருவி, இருவருமாக அதைப் பக்கவாட்டில் இழுத்து வெளியே எடுத்தோம். அறுந்த பெல்ட் பாம்புச் சட்டை மாதிரி உள்ளே கிடந்தது. பிய்ந்த இடத்தில் மஞ்சளாக நூல் தெரிந்தது.

"ரப்பருக்குள்ளே நூலா?" என்றேன்.

"கெவ்லார் மாதிரி நூல் அத்தை. குண்டு துளைக்காத சட்டை செய்வாங்களே, அந்த ஜாதி. கண்டுபிடிச்சது ஒரு பொம்பளை" என்றாள்.

ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். ஸ்டெஃபனி க்வோலெக் என்ற ரசாயன நிபுணர் 1965-ல் டூபாண்ட் கம்பெனியில் கண்டுபிடித்தாராம். டயருக்காக வலுவான நூல் தேடிக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கிடைத்த கரைசலோ கலங்கலாகவும் நீர்த்தும் இருந்தது. நூல் இழுக்கும் யந்திரத்தை இது அடைத்துவிடும் என்று அங்கிருந்தவர் முதலில் இழுத்துத் தரவே மறுத்தாராம். அம்மணி விடவில்லை. சின்ன வயசில் தையல் என்றால் அவருக்கு உயிராம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

துணியையும் தையலையும் சொன்னதும் இன்னொன்று. புல் வெட்டும் யந்திரமே துணி மில்லிலிருந்து பிறந்ததுதான். இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேலே எழும்பி நிற்கும் ரோமத்தைச் சீராகக் கத்தரிக்கும் மிஷினைப் பார்த்து, புல்லுக்கும் இது ஆகுமே என்று 1830-ல் செய்தார். அது கையால் தள்ளும் உருளைக் கத்தி. இது வேறு தினுசு. இருந்தாலும் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

புது பெல்ட்டை மாட்டப் போனாள் மருமகள். நான், "கொஞ்சம் இரு" என்றேன். இருபத்தைந்து வருஷம் தையல் மிஷின் மிதித்தவள் நான். தோல் பெல்ட் தளர்ந்தால் ஒரு துண்டு நறுக்கி, துளை போட்டு, கம்பிக் கொக்கியால் சேர்ப்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெல்ட் அறுந்தால் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காமல் நான் புதிது மாட்டியதே இல்லை. அச்சில் நூல் சிக்கியிருந்தால் புது பெல்ட்டையும் அது தின்றுவிடும்.

டெக்கின்மேல் நாலு புல்லி இருந்தன. கத்திகளுக்கு மேலே இரண்டு. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கத் தட்டையாக இரண்டு. கத்திப் புல்லிகள் கையால் சுற்றியதும் வெண்ணெயாக ஓடின. மூன்றாவதும் ஓடிற்று. நாலாவது அசையவில்லை! உள்ளே பேரிங் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. அது சுற்றாமல் நிற்க, பெல்ட் அதன்மேல் தேய்ந்து தேய்ந்து கருகி அறுந்திருக்கிறது. புது பெல்ட்டுக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கும்.

"துரு எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

நாற்காலியிலிருந்து குற்றவாளி மெல்ல வாக்குமூலம் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் புல் வெட்டி முடித்ததும், குழாயை வேகமாகத் திறந்து டெக்கின் மேலெல்லாம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவானாம். அந்தத் தண்ணீர் பேரிங்கில் இறங்கிவிட்டது. காய்ந்த புல்லைத் தூரிகையால் துடைத்திருந்தால் போதும். "பாத்திரம்னா அலம்பித்தான் வைக்கணும்னு நீதானேம்மா சொல்லிக் கொடுத்தே?" என்றான். இதற்கு நான் என்ன பதில் சொல்வது!

புது புல்லி வருவதற்கு மூன்று நாள் ஆயிற்று. தவணையில் மிச்சம் இரண்டே நாள்.

அதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். பெல்ட் எந்தப் புல்லியைச் சுற்றி எப்படிப் போகவேண்டும் என்ற படம் வண்டியில் ஒட்டியிருந்தது, அழிந்துவிட்டது. பழைய பெல்ட்டோ அறுந்து குழம்பிக் கிடந்தது. அதைப் பார்த்தும் பயனில்லை. புத்தகத்தில் இருந்த சிறிய படத்தை ஒரு அட்டையில் பெரிதாகப் போட்டேன். போடப் போடத்தான் தெரிந்தது, இது நம் சிக்குக் கோலம் என்று! என்ஜின் அடியில் உள்ள புல்லியையும் சேர்த்து ஐந்து புள்ளி, ஒரே இழை. மூன்று புள்ளிகளுக்கு வெளிப்பக்கமாகச் சுற்றி, இரண்டைப் புறமுதுகால் தொட்டுக்கொண்டு வரவேண்டும். பெல்ட்டின் ஒரு பக்கம் ஆப்புப் போலக் குறுகியது. அது பள்ளமுள்ள மூன்று புல்லிகளுக்குள் பதியும். முதுகுப் பக்கம் தட்டையான இரண்டின்மேல் ஓடும். இந்த விதி தெரிந்துவிட்டால் தப்பாக மாட்டவே முடியாது. முறுக்கு விழாமலும், பெல்ட் நழுவாமல் காக்கும் தடுப்புக் கம்பிகளுக்கு உள்ளேயும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை மாலை. டெக்கை மறுபடி வண்டிக்கடியில் தள்ளினோம். நாலு புள்ளி சுற்றியாயிற்று. ஐந்தாவது, என்ஜின் புல்லி. அங்கே மாட்டுவதற்கு பெல்ட் எட்டவில்லை. இறுக்கும் புல்லி ஒரு கையில் இருக்கிறது. அந்தக் கையை ஒரு முரட்டு ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கிறது. ஒருவர் ஸ்பானரால் அதை எதிர்த்திசையில் இழுத்துக்கொள்ள, இன்னொருவர் பெல்ட்டைப் பள்ளத்தில் நுழைக்க வேண்டும். கை நழுவினால் பெல்ட் விண்ணென்று இறுகும். நடுவில் விரல் இருந்தால் அதோடு சரி.

"நான் இழுத்துப் பிடிக்கிறேன். உங்க கைதான் உள்ளே போகும். மாட்டறீங்களா அத்தை?" என்றாள்.

என்ஜின் அடியில் இருட்டாக இருந்தது. தரையில் படுத்து வலது கையை உள்ளே விட்டேன். திண்ணையிலிருந்து பார்த்த கட்டில் கண்முன் வந்தது. கை உதறிற்று. வெளியே எடுத்துவிட்டேன்.

"என்ன அத்தை?"

சித்தப்பாவின் கதையை அப்படியே படுத்தபடி சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், இன்னும் நீளமான ஒரு ஸ்பானரைக் கொண்டு வந்து மாட்டி, சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள்.

"இப்ப போடுங்க. விட மாட்டேன்."

கையை மறுபடி விட்டேன். இழுத்தாள். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. பெல்ட் தளர்ந்தது. விளிம்பைத் தடவிப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, கட்டை விரலால் தள்ளினேன். உட்கார்ந்தது. கையை முழுக்க வெளியே எடுத்து, ஐந்து விரலையும் விரித்து அவள் முகத்துக்கு நேரே காட்டிய பிறகுதான் அவள் மெல்ல, மெல்ல விட்டாள். அவள் உள்ளங்கை சிவந்து தடித்திருந்தது.

கொண்டை ஊசிகளை மாட்டி, பெல்ட்டின்மேல் தகர மூடியைப் போட்டுத் திருகி, பிளக் ஒயரைச் சேர்த்து, எல்லோரும் விலகி நின்ற பிறகு ஓட்டிப் பார்த்தாள். ஒரு நிமிஷம். நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஒரு தடவை குனிந்து பார்த்தாள். பெல்ட் போட்ட இடத்தில் இருந்தது. புல் உயர்ந்துவிட்டதால் அன்றைக்குக் கத்தியை உயர்த்தி வைத்து ஒரு வெட்டு. மறுநாள் தாழ்த்தி இன்னொரு வெட்டு. ஏழாம் நாள் சாயங்காலம் ஊர்க்காரர் ஒருவர் காரை நிறுத்தாமலே பார்த்துவிட்டுப் போனார்.

அன்றிரவு ஊரிலிருந்து சித்தப்பா வீடியோவில் வந்தார். இப்போது அவருக்கு எண்பது வயது. விஷயத்தைக் கேட்டதும், "சாவியை எடுத்தீங்களா?" என்றார். "எடுத்தோம் சித்தப்பா." "இன்னொரு தரம் எடுத்தீங்களா?" "எடுத்தோம்."

மருமகள் போனை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். அவர் எதையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெல்ட் எங்கேம்மா? தெரியலியே" என்றார்.

"அது மூடிக்குள்ளே இருக்கு தாத்தா. வெளியே தெரியாது."

"அப்படியா! மூடி போட்டிருக்கானா?" என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த மூடியை இன்னொரு தடவை காட்டு" என்றார்.