காப்பின் விலை

தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு நகை வெறும் அணிகலன் அன்று. அதுவே அவர்களின் வங்கி. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுள் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. குடியிருந்த லயத்து வீடும் தோட்ட நிருவாகத்திற்கே உரியது. வேலையிலிருந்து நின்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அத்தகைய வாழ்க்கையில் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய சொத்து பொன் ஒன்றுதான்.

என் பாட்டியிடமும் அப்படியொரு சொத்து இருந்தது. 1950ஆம் ஆண்டு கொரியப் போர் மூண்டபோது உலகச் சந்தையில் இரப்பரின் விலை மளமளவென உயர்ந்தது. தொழிலாளர்களின் கூலியும் ஓரளவு கூடியது. அப்போது தாத்தாவும் பாட்டியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில், சிரம்பானில் இருந்த பத்தர் ஒருவரிடம் சொல்லிச் செய்த கல்காப்பு அது. ஐந்து சிவப்புக் கெம்புக் கற்கள்; நடுவில் ஒரு பச்சைக் கல். காப்பின் உட்புறக் குழிவில் அரக்கு அடைத்திருந்தார்கள். திருகாணியைக் கழற்றித்தான் கையில் மாட்ட வேண்டும்.

அந்தக் காப்பு பாட்டியின் கையில் இருந்த நாள்களைவிட அடகுக்கடையில் இருந்த நாள்களே அதிகம். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. மரங்கள் இலை உதிர்க்கும் மாதங்களில் பாலும் குறையும். பாலோடு சம்பளமும் குறையும். அதே வேளையில் பள்ளி திறந்துவிடும். சீருடை, காலணி, பேருந்துக் கட்டணம் என்று செலவுகள் வரிசையாக வந்து நிற்கும். அப்போதெல்லாம் பாட்டி காப்பை முந்தானையில் முடிந்துகொண்டு பட்டணத்துக்குப் பேருந்து ஏறுவார். அப்பா இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அத்தையின் திருமணம் நடந்ததும் அந்தக் காப்பின் தயவால்தான்.

கடைக்காரர் காப்பைத் தராசில் வைப்பதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவாராம்: “கல்லுக்குக் காசில்லை.” கற்களின் எடையையும் அரக்கின் எடையையும் கழித்து, எஞ்சிய பொன்னுக்கு மட்டுமே பணம் கொடுப்பார். பத்தர் கண்ணும் கருத்துமாகப் பதித்த கெம்புக் கற்கள் அந்தத் தராசில் வெறும் கழிவாகிவிட்டன.

நம் நாட்டில் அடகுத் தொழிலை 1972ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மாதத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. 1,000 ரிங்கிட் கடனுக்கு மாதம் 20 ரிங்கிட். 6 மாதங்களுக்கு 120 ரிங்கிட். மீட்பதற்கான தவணையும் 6 மாதங்களே. மீட்காத பெரிய அடகுப் பொருள்கள் பொது ஏலத்திற்குப் போகும். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும், சாமிப் படத்தின் பின்னால் செருகியிருந்த அடகுச் சீட்டின் தவணை நாளை அவர் ஒருமுறைகூட மறந்ததில்லை.

1990ஆம் ஆண்டுகளில் தோட்டங்களின் நிலை மாறியது. இரப்பர் மரங்கள் சாய்ந்த இடங்களில் செம்பனை முளைத்தது. சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. எங்கள் தோட்டமும் கைமாறியது. லயத்தை விட்டு வெளியேறியாக வேண்டும். மலிவு விலை வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டக் காப்பு மீண்டும் அடகுக்குப் போனது. இம்முறை வீட்டுக் கடனின் மாதத் தவணையையும் கட்டி, காப்பையும் மீட்க எங்களால் முடியவில்லை.

தவணை நாள் நெருங்கியது. “எங்காவது கடன் வாங்கியாவது மீட்டுவிடலாம், அம்மா. அப்பா செய்து கொடுத்த நகையாயிற்றே!” என்று அத்தை அழுதார். பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “காப்பு என் ஒரு கைக்குத்தானம்மா காவல். இந்த வீடு நம் எல்லாருக்கும் காவல். போகட்டும், விடு” என்றார். காப்பு ஏலத்தில் போனது. கடனும் வட்டியும் போக மிஞ்சும் தொகையைக் கேட்டுப் பெறும் உரிமை அடகு வைத்தவருக்கு உண்டு. அப்பா அதைக் கேட்டு வாங்கினார். புதிய வீட்டின் நீர், மின்சார இணைப்புக்கு அந்தப் பணம் உதவியது.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க் நகரில் கிறிஸ்டீஸ் நிறுவனம் இந்திய அரச குடும்பத்து நகைகளையும் கலைப்பொருள்களையும் ஏலம் விட்டது. ஏறத்தாழ 400 பொருள்கள் 109 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் விலைபோயின. அத்தகைய ஏலத்தில் கல்லைக் கழிப்பதில்லை, கல்லுக்கே முதன்மை. யார் அணிந்தது, எந்தக் காலத்தது என்ற வரலாறும் விலையை உயர்த்துகிறது. சிலப்பதிகாரத்திலும் சிலம்பின் உள்ளே இருந்த மாணிக்கப் பரல்தானே கோவலன் கள்வன் அல்லன் என்று மெய்ப்பித்தது? பொன்னின் எடை அங்கே நீதி சொல்லவில்லை.

பாட்டியின் காப்புக்கும் வரலாறு உண்டு. விடியற்காலைப் பனியில் மரம் சீவிய கைகளின் வரலாறு அது. அரசியின் நகைக்குப் பட்டியலும் படமும் அச்சாகின்றன. தொழிலாளியின் நகைக்கு ஒரு சீட்டு மட்டுமே மிஞ்சுகிறது. அந்தச் சீட்டில் எடை இருக்கும், கதை இராது.

உங்கள் வீட்டிலும் பழைய தோடோ, மூக்குத்தியோ, காப்போ இருக்கலாம். அது யாருடையது, எந்தப் பணத்தில் வாங்கியது, எத்தனை முறை குடும்பத்தைக் கரை சேர்த்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நகை நாளை கைமாறலாம். நீங்கள் எழுதி வைத்தது உங்கள் குடும்பத்திடமே இருக்கும்.