தீர்த்தன் கரையில் தூண்டிலோடு

காலை ஐந்தரை மணிக்கு வழிகாட்டி தூண்டிலைத் தொடவே இல்லை. குனிந்து கற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளங்கை அளவில் ஏழு கற்கள். அவற்றை நீரின் விளிம்பிலிருந்து கரையை நோக்கி மேடேறும் வரிசையில், படிக்கட்டு மாதிரி வைத்தார். முதல் கல்லைத் தண்ணீர் தொட்டும் தொடாமலும் இருந்தது.

"மூன்றாவது கல் நனைந்தால் நடு ஆற்றில் நிற்கக் கூடாது. ஐந்தாவது நனைந்தால் சாமான்களைக் கட்டிவிட வேண்டும், பாபுஜி" என்றார்.

மீதி இரண்டு எதற்கு?

"ராத்திரி எவ்வளவு ஏறியது என்று நாளைக் காலையில் பார்ப்பதற்கு."

ஏப்ரல் கடைசி வாரம். இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில், குஷைனி என்ற சிற்றூருக்கு அருகே தீர்த்தன் நதிக்கரையில் நின்றுகொண்டிருந்தோம். தில்லியிலிருந்து மணாலி போகும் இரவு பஸ்ஸில் ஏறி, விடியும்போது ஔட்டில் இறங்கி, லார்ஜி, பஞ்சார் வழியாக ஜீப்பில் வந்தால் குஷைனி. நதி என்று சொன்னாலும் நம் ஊர்க் கணக்கில் இது ஓடைதான். அகலமான இடத்தில்கூட ஒரு கல்லை எறிந்தால் அக்கரையில் போய் விழும். ஆனால் அந்தச் சத்தம் ஓடைக்குரியதல்ல. பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. மேலே, பெரிய இமாலய தேசியப் பூங்காவுக்குள்ளே, குளிர்காலம் முழுக்கக் கொட்டிய பனி உருகிக்கொண்டிருக்கிறது. அதுதான் இந்தச் சத்தம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இங்கே ஒரு சங்கடம். புல்லில் துளிர்ப்பதும் பனி, மார்கழிக் காலையில் தெருவை மறைப்பதும் பனி, இந்த மலைகளில் ஆள் உயரத்துக்குக் கிடப்பதும் நமக்குப் பனிதான். இந்திக்காரர் ஓஸ், கோஹ்ரா, பர்ஃப் என்று மூன்றாகப் பிரித்துவிட்டார். ஆனால் அந்தப் பர்ஃப் உருகி ஆறு ஏறுவதற்கு வழிகாட்டியிடம் தனிச்சொல் இல்லை. "தண்ணீர் வருகிறது" என்பதோடு சரி. நம்மிடம் இருக்கிறது. புதுப்புனல். பரிபாடலில் வையைக்கு வருவது அதுதான். காவிரிக்கு ஆடிப்பெருக்கில் வருவதும் அதுதான். நம்முடையது மழையால் வருவது, ஆண்டுக்கு ஒரு பருவம். தீர்த்தனில் வசந்த காலம் முழுக்கத் தினம் ஒரு புதுப்புனல்.

அதனால்தான் அந்த ஏழு கற்கள். இரவில் மலையுச்சி உறைந்துவிடும், உருகுவது நிற்கும். விடியற்காலையில் ஆறு மெலிந்து கிடக்கும். வெயில் ஏற ஏற மேலே உருக ஆரம்பிக்கும். ஆனால் அந்த நீர் குஷைனிக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். உச்சி வெயிலில் உருகியது இங்கே தலைகாட்டுவது சாயங்காலத்தில். கரையில் நிற்பவனுக்கு வானம் நிர்மலமாக இருக்கும், ஒரு சொட்டு மழை இருக்காது, ஆறு மட்டும் ஏறும். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். நானும் ஏமாந்தேன். அது பிற்பகல் கதை.

ட்ரவுட் விஷயத்தில் எனக்கு இருந்த முன் அனுபவம் நீலகிரி அவலாஞ்சியில் கழித்த ஒரு மதியம் மட்டுமே. அங்கே 1907ல் வெள்ளைக்காரர்கள் கட்டிய குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. பெயர் என்னவோ பனிச்சரிவு. ஊரில் அப்படிச் சரிவதற்குப் பனியே கிடையாது. அந்த ஓடைகள் மழையை நம்பியவை. அங்கே கற்றது எதுவும் இங்கே உதவவில்லை.

"நடு ஆற்றில் எறியாதீர்கள். அங்கே யாரும் இல்லை" என்று முதல் வீச்சிலேயே திருத்தினார் வழிகாட்டி. ஐம்பதைத் தாண்டியவர். பன்னிரண்டு வயதில் மூங்கில் கழியும் மண்புழுவுமாக ஆரம்பித்தவராம். பனி உருகும் நாட்களில் மீன் எங்கே இருக்கும் என்பதை அவர் விளக்கிய விதம் எளிமையானது. இந்த வேகத்தில் நடு ஆற்றில் நிற்க மீனுக்குத் தெம்பு போதாது. நீர் ஐஸாகக் குளிர்ந்திருப்பதால் அதன் உடம்பும் மந்தமாக இருக்கும். நாலடி தள்ளிப் போகும் இரையைத் துரத்தாது. எனவே பெரிய பாறைக்குப் பின்னால், கரையோரத்தில், ஆறு வளையும் இடத்தின் உள்பக்கத்தில், தண்ணீர் மூச்சு வாங்கும் இடங்களில் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்றுகொண்டிருக்கும். இரை அதன் மூக்குக்கு நேரே, அடியில், மெதுவாக வர வேண்டும்.

மேலும், நீர் கலங்கல். அரிசி கழுவிய தண்ணீரில் கொஞ்சம் சாம்பல் கலந்தது போன்ற நிறம். தெளிந்த நீரில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய போலிப்பூச்சியை மேலே மிதக்க விடும் நாகரிகமெல்லாம் இப்போது எடுபடாது. கனம் சேர்த்த, கல்லுக்கடியில் வாழும் பூச்சியின் இளம்பருவத்தைப் போலக் கட்டிய ஒன்றை அடியில் உருட்டிவிட வேண்டும். அல்லது பளபளவென்று சுழலும் ஸ்பின்னர். வழிகாட்டி முதல் கட்சி. எனக்குக் கை வந்தது ஸ்பின்னர்தான்.

கரையிலிருந்து இரண்டே அடி தூரத்தில், ஒரு பாறைக்குப் பின்னே, எட்டு மணி சுமாருக்கு அவருடைய கோல் வளைந்தது. ஒரு சாண் நீளப் பழுப்பு ட்ரவுட். பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம். தொடுவதற்கு முன் கையை நீரில் நனைத்துக்கொண்டார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலிருக்கும் வழவழப்பு உரிந்துவிடும். பிறகு நோய் பிடிக்கும். சின்ன மீன், விட்டுவிட வேண்டும். பிடிக்கலாகாத அளவு, ஒரு நாளைக்கு இத்தனை என்ற கணக்கு எல்லாம் உரிமச் சீட்டில் உண்டு. முட்டையிடும் காலமான நவம்பர் முதல் பிப்ரவரி முடிய ட்ரவுட் ஆறுகளில் தூண்டில் போடவே தடை. ஆகவே மார்ச்சில் தடை நீங்கிக் கொஞ்ச நாளிலேயே இந்த உருகுநீரும் வந்துவிடுகிறது. "பொறுமை இல்லாதவர்கள் செப்டம்பர், அக்டோபரில் வரட்டும். ஆறு கண்ணாடியாக இருக்கும். ஆனால் எனக்கு இதுதான் பிடிக்கும்" என்றார்.

பதினோரு மணிக்கு இரண்டாவது கல் நனைந்திருந்தது. மேட்டில் உட்கார்ந்து அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியும் ராஜ்மாவும் சாப்பிட்டோம்.

இந்த மீன் இங்கே பிறந்ததல்ல. காஷ்மீருக்கு பிரிட்டனிலிருந்து கப்பலில் முட்டையாக வந்தது. முதல் முயற்சியில் எல்லாம் செத்து, 1900ல் வந்தவை பிழைத்தன. அங்கிருந்து 1909ல் குலுவுக்குக் கொண்டுவந்து கட்ராயினுக்கு அருகே மஹிலியில் பொரிக்க வைத்தவர் ஹோவெல் என்ற ஆங்கில அதிகாரி. துரைகளுக்கு ஊர் ஞாபகம் வந்தால் போய் மீன் பிடிக்க ஆறு வேண்டியிருந்தது. ஆறு இங்கேயே இருந்தது, மீனை மட்டும் வரவழைத்தார்கள். பண்ணைகளில் இன்று வளர்வது பெரும்பாலும் வேறொன்று, உடம்பில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் வானவில் ட்ரவுட். பட்லிகுஹலில் நார்வே உதவியோடு அது வேரூன்றியது. தில்லி ஓட்டல்களில் தட்டில் வருவது அதுதான். காட்டு ஆற்றில் தூண்டிலுக்கு வருவது பழுப்பு.

வந்த மீனுக்கு இடம் கொடுத்தது யார்? பனி ட்ரவுட் என்று ஆங்கிலேயர் பெயர் வைத்த மீன். அது ட்ரவுட்டே அல்ல, நம் கெண்டைக்கு உறவு. பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வாழும் சாது. அதன் குஞ்சுகளைப் பழுப்பு ட்ரவுட் தின்கிறது. இமாலய ஆறுகள் பலவற்றில் உள்ளூர் மீன் குறைந்ததற்கு வந்த மீனும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தூண்டில்காரர்கள் இதை அதிகம் பேசுவதில்லை. வழிகாட்டியிடம் கேட்டேன். "என் தாத்தா தின்றது அது. நான் சம்பாதிப்பது இதில்" என்றார். ரொட்டியை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஆனால் கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. வரும் வழியில் லார்ஜிக்கு அருகே தீர்த்தனும் சைஞ்ச் நதியும் சேர்வதைப் பார்த்தேன். அங்கே பியாஸ் நதிமேல் 126 மெகாவாட் நீர்மின் நிலையத்தின் அணை. சைஞ்சிலும் பார்வதித் திட்டத்தின் மூன்றாம் கட்டம் 2014 முதல் மின்சாரம் தருகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் எல்லாம் ஆறு குழாய்க்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் போய்விட்டது. தீர்த்தனில் மட்டும் அணை இல்லை. 2000களின் தொடக்கத்தில் இங்கும் வரிசையாகச் சிறு நீர்மின் திட்டங்கள் வர இருந்தன. பஞ்சார் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ. திலேராம் ஷபாப் முன்னின்று, ஊர்மக்கள் நீதிமன்றம் வரை போய்த் தடுத்தார்கள். குடிநீர், பாசனம், மாவரைக்கும் நீர்ச்சக்கரம் என்று அவர்கள் அடுக்கிய வாதங்களில் ட்ரவுட்டும் ஒன்று. துரைமார் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்ட மீன், நூறு வருஷம் கழித்து ஆற்றுக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறது. இதில் எதை நல்லது, எதைக் கெட்டது என்று பிரிப்பது? அந்த மேட்டில் உட்கார்ந்திருந்தவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

வழிகாட்டியின் கவலை வேறு. "அணையை நிறுத்தலாம். பனியை யாரிடம் கேட்பது?" 2023 ஜூலை வெள்ளம் பியாஸ் பள்ளத்தாக்கையே புரட்டிப் போட்டது. அடுத்து வந்த 2024 ஜனவரியில் இமாசலத்தில் மழையும் பனியும் அநேகமாகப் பொய்த்தன. மேலே பனி குறைவாக இருந்தால் உருகுநீர் சீக்கிரமே வந்து, சீக்கிரமே தீர்ந்துவிடும். ஜூனில் ஆறு மெலிந்து வெதுவெதுப்பாகும். குளிர்ந்த நீரில்தான் ட்ரவுட்டுக்கு வேண்டிய பிராணவாயு. வெப்பம் ஏறினால் அது இரை எடுப்பதையே நிறுத்தும். அந்த வருஷம் எத்தனை பேர் முன்பதிவை ரத்து செய்தார்கள் என்று விரல் விட்டு எண்ணினார். அவருடைய மகன் சண்டிகரில் ஓட்டல் வேலைக்குப் போய்விட்டான். ஊரில் தங்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லையாம்.

பிற்பகல் ஒன்றரைக்கு நடு ஆற்றில் ஒரு கூழாங்கல் திட்டுக்குக் கடந்து போனேன். இடையில் ஒரு கிளை ஓட்டம், முழங்கால் அளவு. மூன்றாவது கல் இன்னும் நனையவில்லை. "அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்" என்று வழிகாட்டி சொல்லி அனுப்பினார். அரை மணியில் எதுவும் கடிக்கவில்லை. இன்னும் இரண்டே வீச்சு என்று நினைத்தேன். அன்று மேலே வெயில் வழக்கத்தைவிடக் கடுமை என்பதை நான் யோசிக்கவில்லை. இரண்டு பத்தானது, பத்து இருபதானது. கடைசியில் திட்டின் கீழ்முனையில், அடங்கிய நீரில், கோலைப் பிடுங்குவது போல் ஓர் இழுப்பு. வாழ்நாளில் என் கையில் அவ்வளவு கனம் வந்ததில்லை. ஒரு தடவை புரண்டு காட்டியது. வெண்ணெய் நிற வயிறு, அகலமான வால். ரீல் கிறீச்சிட்டது. கரையில் வழிகாட்டி கைகளை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். உற்சாகப்படுத்துகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் ஓடி வந்து இறங்கியபோதுதான் கவனித்தேன். அந்தக் கிளை ஓட்டத்தில் அவருக்கு இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர். நான் நின்ற திட்டு காலையில் இருந்ததில் பாதியாகச் சுருங்கியிருந்தது. வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து நூலை அறுத்தார். கோல் சட்டென்று நிமிர்ந்தது. பிறகு என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, தன் கைத்தடியை மேல்நீர்ப் பக்கமாக ஊன்றி, "ஆற்றைப் பார்த்து நில்லுங்கள். காலைத் தூக்காதீர்கள், தேய்த்துத் தேய்த்து நகருங்கள்" என்றார். பக்கவாட்டில், ஓட்டம் தள்ளும் போக்கிலேயே கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்து நகர்ந்தோம். அடியில் கற்கள் உருளும் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது. நடுவில் ஓரிடத்தில் என் இடதுகாலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரு நொடிதான். அவர் பிடி தளரவில்லை. கரையேறியபோது என் தொடைக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. எத்தனை நேரம் ஆனதென்று தெரியாது. பதினைந்து அடிதான் கடந்திருந்தோம்.

ஐந்தாவது கல்லைக் காணவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். "மீனுக்காகப் போனீர்கள். அது தப்பில்லை. என்னைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தீர்களே, அதுதான்" என்றார். பிறகு, கொஞ்சம் பொறுத்து, "நல்ல மீன்" என்றும் சொன்னார். அறுந்த நூலோடு அது பிழைக்குமா என்று கேட்டேன். தூண்டில் முள்ளில் எதிர்க்கொக்கி இல்லாததால் தானே உதறிவிடும் என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, உண்மைதானா என்று இன்றுவரை தெரியாது.

அன்று இரவு அவர் வீட்டில் அடுப்பருகே போர்வைக்குள் கிடந்தேன். அவருடைய மனைவி இஞ்சி தட்டிப்போட்ட டீயை இரண்டு தடவை ஊற்றிக் கொடுத்தார். மீன் சமைக்கவில்லை, பிடித்ததை எல்லாம் விட்டிருந்தோமே. ஆற்றின் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. நடுநிசிக்கு அப்புறம் அது மெல்ல இறங்குவது கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

மறுநாள் விடியற்காலையில் அவரோடு மறுபடி போனேன். கூழாங்கல் திட்டு பழைய அகலத்தில், ஈரமாக, ஒன்றுமறியாதது போல் கிடந்தது. ஏழு கற்களில் ஏழாவது மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அதன் அடிப்பக்கம் நனைந்த கோடு. வழிகாட்டி அதைக் குனிந்து பார்த்துவிட்டு, புதிதாக ஆறு கற்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.